பூமுதிரையில் ஒரு கை அலுமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். சனி, ஞாயிறுகளில் அதற்குள்தான் இருப்பேன். அப்பா ஓடாவி, நான் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு மரவேலையை விடாமல் வைத்திருப்பவன். கொட்டில் சுவரில் தொங்கும் சின்ன அலுமாரியைக் கண்டவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உயரம் 28 அங்குலம், அகலம் 16, ஆழம் 9. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு லாச்சி. உடல் தேக்கு, கதவுப் பலகை பூமுதிரை, அதாவது வெளிச்சத்தில் அலைபோல மின்னும் பூ உள்ள முதிரை.

பூமுதிரை என்பது தனி மரமா?

இல்லை. காட்டில் நிற்கும்வரை எல்லாம் முதிரைதான். வாளில் விழுந்த பிறகுதான் எது பூமுதிரை என்று தெரியவரும். தாவரவியல் பெயர் குளோரொக்சிலன் சுவிட்டீனியா. எலுமிச்சை, தோடை, விளாத்தி எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். அம்பாறைப் பக்கம் சிங்கள வியாபாரியிடம் வாங்கப் போனால் புருத என்று கேளுங்கள். பூ உள்ளது மல் புருத.

பூ என்பதை நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். முதிரையின் நார் நேரே மேலே போவதில்லை. சில வருடம் வலப்பக்கம் சாய்ந்து வளரும், பிறகு சில வருடம் இடப்பக்கம். சில மரங்களில் இதோடு நெளிவும் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட மரத்தைப் பலகையாக அறுத்தால் ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டு தெரியும், அதற்கடுத்த விரலகலத்தில் நாரின் வெட்டுவாய் தெரியும். பக்கவாட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், வெட்டுவாய் விழுங்கிக்கொள்ளும். பலகையைக் கையில் சாய்த்தால் பூ நகர்வது அதனால்தான். கல்லடிப் பாலத்தில் நின்று பின்னேர வெயிலில் வாவியைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வேறு மரங்களில் பூ கிடைக்காதா?

கிடைக்கும். மகோகனியில் அடிமரம் இரண்டாகப் பிரியும் கவரைப் பிளந்தால் தீக்கொழுந்து போல ஒரு வடிவம் இருக்கும். தேக்கிலும் பலாவிலும் எப்போதாவது நெளிவு வரும். பூவரசில் பூ குறைவு, ஆனால் வைரம் எனப்படும் உள்மரத்தின் நிறமே போதும். நம் வேலிகளில் நிற்கும் அந்த மரத்தை விறகாக்கி எரிப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கலமாந்தர் பற்றியும் கேட்கிறார்கள். அது ஈரவலயத்து மரம், கருங்காலிக்கு ஒன்றுவிட்ட தம்பி, இன்று அருகிப்போனது. கனவில் செய்து பார்க்கலாம்.

சீவாத பலகையில் பூ இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாள் தடம் நிறைந்த கரடுமுரடான பலகையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மரக்காலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர், ஒரு கந்தல், கைக்குள் அடங்கும் சின்னச் சீவுளி, இவ்வளவையும் கொண்டுபோவேன். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பலகையின் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு நாலு இழுப்பு. அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பலகையை வெளியே கொண்டுவந்து வெயில் பக்கவாட்டாக விழும்படி பிடித்துப் பார்ப்பேன். பூ இருந்தால் அந்த ஈரம் காய்வதற்குள் காட்டிவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. நுனியில் வெட்டிக் கழித்த துண்டைக் கோடரியால் பிளந்து பாருங்கள். பிளந்த முகம் நேராக இருந்தால் சாதாரண மரம். தகரக் கூரை போல அலை அலையாகப் பிளந்தால், அந்தத் துண்டு எந்தப் பலகையிலிருந்து வந்தது என்று உடனே கேளுங்கள். குரலில் ஆசை தெரியாமல் கேளுங்கள், விலை ஏறிவிடும். முழு மரமாக வாங்குபவர்கள் பட்டையை உரித்துப் பார்ப்பார்கள். அடியில் வரம்பு வரம்பாக இருந்தால் உள்ளேயும் நெளிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

முதிரையை எங்கே வாங்குவது? சட்டச் சிக்கல் வருமா?

அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையம், அல்லது சிட்டைத் துண்டு தரும் மரக்காலை. சிட்டை தராத இடத்தில் எவ்வளவு நல்ல பலகை கிடந்தாலும் திரும்பி வாருங்கள். சொந்தக் காணியில் நிற்கும் முதிரை என்றாலும் கேட்டுக் கேள்வி இல்லாமல் வெட்டி ஏற்ற முடியாது. காணி உறுதியோடு முதலில் கிராம சேவகரிடம் போங்கள். அங்கிருந்து பிரதேச செயலகம், வன இலாகா என்று அலைந்து, மரத்தைப் பாதையில் கொண்டுபோகப் பெர்மிட் எடுக்கவேண்டும். அலைச்சல்தான். ஆனாலும் பாதித் தூரத்தில் லொறியை மறித்துவிட்டால் வரும் அலைச்சல் இதைவிடப் பெரிது.

நான் பெரும்பாலும் நம்புவது பழைய மரத்தை. வீடு உடைத்துக் கட்டுபவர்கள் முதிரை நிலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலுமினியம் வைக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் காய்ந்த மரம், விறகு விலைக்குக் கிடந்திருக்கிறது. என் கதவுப் பலகை அப்படி வந்ததுதான். பழைய மரத்தை ஏற்றும்போதும் எந்த வீட்டில் இருந்து வந்தது என்று எழுதி வாங்கி, வட்டார வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அறுக்கக் கொடுக்குமுன் காந்தம் ஒன்றை மரம் முழுக்க ஓட்டுங்கள். உள்ளே முறிந்த ஆணி ஒன்று இருந்தால் மில்காரர் வாளுக்கும் காசு கேட்பார், கேட்பது நியாயம்.

பச்சை மரம் வாங்கினால் எவ்வளவு காலம் காயவேண்டும்?

ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. முதிரை போன்ற பாரமான மரத்துக்கு அதற்கு மேலும் விடுவேன். வெட்டின அன்றே இரண்டு நுனிக்கும் பெயின்ற் அல்லது மெழுகு பூசுங்கள். ஈரம் நுனியால்தான் வேகமாக ஓடும். அங்கேதான் வெடிப்பும் தொடங்கும். பலகைக்குப் பலகை இடையில் ஒரே தடிப்பு ரீப்பைகளை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்து, நிழலில் அடுக்குங்கள். கச்சான் என்ற வெயில்காலத்து வறண்ட காத்து நேரே அடிக்கிற இடம் வேண்டாம். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கி உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் பலகை வெடித்துத்தான் தீரும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீற்றர் வாங்கத் தேவையில்லை. ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். நிறை இறங்குவது நிற்கும் நாள் தெரியும்.

இரண்டு கதவிலும் ஒரே பூ எதிரெதிராக இருக்கிறதே, எப்படி?

ஒரே பலகையைத் தடிப்பில் இரண்டாகக் கீறி, கொப்பியை விரிப்பது போல விரித்தது. ஓர் அங்குலப் பலகையைக் கீறினால் வாள் தின்றது, சீவினது போக ஒவ்வொன்றும் 9 மில்லிமீற்றர் அளவில் மிஞ்சும். கதவுப் பலகைக்கு அது தாராளம். கீறிய கையோடு இரண்டையும் சேர்த்துக் கட்டி, இரண்டு கிழமை அப்படியே விடுங்கள். உள்ளே இருந்த இறுக்கம் அவிழ்ந்து கொஞ்சம் வளையும். வளைந்து முடிந்த பிறகு சீவினால்தான் நேராக நிற்கும்.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விரித்த இரண்டு முகத்திலும் கோடுகள் கண்ணாடியில் பார்த்தது போல அச்சொட்டாகப் பொருந்தும். ஆனால் நார் ஒன்றில் உங்களை நோக்கியும் மற்றதில் உங்களை விட்டு விலகியும் சாய்ந்திருக்கும். யன்னல் ஒரு பக்கம் இருந்தால் ஒரு கதவு பொன்னாகவும் மற்றக் கதவு கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். அந்தப் பக்கத்தால் நடந்து போனால் இரண்டும் இடம் மாறிவிடும். பொலிஷ் அடித்து இதைச் சரிசெய்ய முடியாது. எனக்கு இது பிடிக்கும். பிடிக்காதவர்கள் விரிக்காமல், அடுத்தடுத்த இரண்டு பலகையை ஒரே முகம் பார்க்க வைக்கலாம்.

வினியர் ஒட்டுவது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. நல்ல பூ மரம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும். அதைத் தோலாக்கிப் பல இடத்தில் போர்த்துவது பழைய தொழில். கடையில் வாங்கும் வினியர் அரை மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும், ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் அடி தெரியும். நாமே அறுத்தால் 2 மில்லிமீற்றர் வைக்கலாம். ஒரு முகத்துக்கு மட்டும் ஒட்டாதீர்கள். பின்முகத்துக்கும் ஏதோ ஒரு மலிவு மரத்தோலை ஒட்டினால்தான் பலகை வளையாமல் நிற்கும். முன்பு இதற்கு வச்சிரம் என்ற விலங்குப் பசையைக் காய்ச்சினார்கள். இப்போது வெள்ளைப் பசை போதும், வீட்டில் நாற்றமும் இல்லை.

சீவுளி போட்டால் நார் பிடுங்கிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?

இதைக் கேட்காதவர் இல்லை. நார் இரண்டு பக்கமும் சாய்ந்திருப்பதால், எந்தப் பக்கமிருந்து சீவினாலும் பாதி நாருக்கு நீங்கள் எதிராகத்தான் போகிறீர்கள். பூவைத் தரும் அதே சாய்வுதான் பிடுங்கலையும் தருகிறது.

முதலில் அலகைத் தீட்டுங்கள். தீட்டிவிட்டேன் என்று நினைத்தால் இன்னொரு தடவை தீட்டுங்கள். அலகின் மேல் படுத்திருக்கும் மேல்தகட்டை, அலகின் வாய்க்கு ஒரு தலைமுடித் தடிப்பு மட்டும் பின்னால் நிற்கும்படி வையுங்கள். சாதாரணச் சீவுளியில் அலகு 45 பாகையில் படுத்திருக்கும். அலகின் தட்டையான முகத்தில் சின்னதாக 15 பாகைச் சரிவு ஒன்று தீட்டினால் வெட்டும் கோணம் 60 ஆகிவிடும். தள்ளப் பலம் கூட வேண்டும், ஆனால் பிடுங்காது. பலகையை நேரே சீவாமல் சற்றுக் குறுக்காகச் சீவுவதும் உதவும்.

கடைசி வேலை சுரண்டியில்தான். பழைய கைவாளின் தகட்டில் ஐந்து அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம் வெட்டி எடுங்கள். விளிம்பை அரத்தால் நேர்சதுரமாக்கி, கல்லில் தேய்த்து, பிறகு கடினமான இரும்புக் கம்பி ஒன்றால் அந்த விளிம்பை அழுத்தி இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி அதில் வளையும். விரலை வெளிப்பக்கமாக இழுத்தால் உணரலாம். தகட்டை இரண்டு பெருவிரலாலும் லேசாக வளைத்துப் பிடித்து, முன்னே சாய்த்துத் தள்ளினால் வெங்காயத் தோல் போலச் சுருள் வரும். சுருளுக்குப் பதில் தூள் வந்தால் கொக்கி தேய்ந்துவிட்டது, திரும்ப இழுக்கவேண்டும். பத்து நிமிடத்தில் தகடு சுட்டுப் பெருவிரல் கொதிக்கும். அப்பா இரண்டு விரலுக்கும் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக்கொள்வார். எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. கொப்பளம் வந்த பிறகு, "மனே, டியூப் துண்டு லாச்சிக்குள்ள கிடக்கு" என்றார்.

உடலை ஏன் பூமுதிரையிலேயே செய்யவில்லை?

கல்யாண வீட்டில் எல்லோரும் கூறைச் சேலை கட்டி வந்தால் பொம்பிளை யாரென்று தெரியாது. இது அழகுக்கான காரணம். தொழில் காரணமும் உண்டு. உடலின் மூலைகளைப் புறாவால் பொருத்தில், அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, பூட்டினேன். தேக்கில் உளி இனிமையாக ஓடும். முதிரையில் அதே வேலைக்கு உளியின் வாய் பத்துத் தடவை உடையும். கதவுச் சட்டத்துக்குத் துளையும் அதற்குள் இறங்கும் கழுந்தும். கைப்பிடி இரண்டும் முறிந்துபோன கருங்காலி உலக்கை ஒன்றிலிருந்து எடுத்தவை. அம்மாவின் அம்மா நெல்லுக் குத்தினது.

கதவுப் பலகையைச் சட்டத்தோடு ஏன் ஒட்டக்கூடாது?

என் முதல் அலுமாரியில் ஒட்டினேன். ஓகஸ்ட் மாதம், கச்சான் அடித்துக் கொட்டில் தகரமே காய்ந்து கிடந்த நேரம். ஒற்றைக் கதவு, 12 அங்குல அகலப் பலகை. சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய தவாளிப்புக்குள் நாலு பக்கமும் பசை நிரப்பி இறுக்கினேன். அவ்வளவு இறுக்கமாக வந்ததென்று பெருமை வேறு. டிசம்பரில் மூன்றாம் நாள் அடைமழை. இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முன்னறையில் டக்கென்று ஒரு சத்தம். எலிப்பொறி என்று நினைத்தோம். விடியப் பார்த்தால் சட்டத்தின் கீழ்மூலைக் கழுந்து வெளியே வந்து, நெருப்புக்குச்சித் தலை நுழையும் அளவுக்கு வாய் திறந்து கிடந்தது.

மரம் நீளத்தில் அசையாது என்றே சொல்லலாம், அகலத்தில் அசையும். காற்றின் ஈரப்பதன் 65 வீதம் அளவில் நிற்கும்போது மரத்துக்குள் 12 வீத ஈரம் இருக்கும். 80 வீதத்துக்கு ஏறினால் 16. இந்த நாலு வீதத்துக்கே, அசைவு குறைந்தது என்று பெயரெடுத்த தேக்கில்கூட 12 அங்குலப் பலகை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் விரியும். நம் ஊரில் கச்சானும் மாரியும் மாறி மாறி இதை வருடாவருடம் செய்யும். அதனால் பலகையைத் தவாளிப்புக்குள் பசையில்லாமல் மிதக்க விடுங்கள். மேலும் கீழும் நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை; அது பலகை ஒரு பக்கம் ஒதுங்காமல் பிடிக்கும். வெயில் காலத்தில் செய்தால் இரண்டு ஓரத்திலும் இடம் விடுங்கள். மாரியில் செய்தால் ஓரளவு இறுக்கமாகவே வைக்கலாம், இனிச் சுருங்கத்தான் போகிறது. பலகையைச் சட்டத்தில் ஏற்றுமுன் அதற்குப் பொலிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுருங்கும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

அளவுப் படம் அனுப்ப முடியுமா?

படம் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. முதலில் கதவுப் பலகையைச் சீவி, பூவில் எந்தப் பகுதி வேண்டும் என்று கடதாசிச் சட்டம் ஒன்றை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். நல்ல பகுதி ஐந்தே கால் அங்குல அகலத்துக்குத்தான் இருந்தது. அதிலிருந்து சட்டம், சட்டத்திலிருந்து கதவு, கதவிலிருந்து உடல் என்று அளவு வெளியே வளர்ந்தது. சைபீரியாவில் 1920இல் பிறந்து, ஸ்டொக்ஹோமில் தொழில் பழகி, 1981 முதல் கலிபோர்னியாவின் ஃபோர்ட் பிராக் ஊரில் மரவேலைப் பள்ளி நடத்திய ஜேம்ஸ் கிரெனோவும் இப்படித்தான் பலகையைப் பார்த்துப் பார்த்து அலுமாரி செய்தார். 2009இல் காலமாகும்வரை சீவுளியைக்கூடத் தானே மரத்தில் செய்துகொண்ட மனிதர். அவர் பெயரை நான் பிந்தித்தான் அறிந்தேன். கடதாசிச் சட்டத்தை அப்பா யன்னல் செய்யும்போதே பிடித்துக் காட்டியிருந்தார்.

பிணைச்சல் எது நல்லது?

பித்தளை. நாம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம், இரும்பு இரண்டு மாரி தாங்காது. காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் மஞ்சளாகப் பளபளப்பதெல்லாம் பித்தளை இல்லை. மரத்தில் ஆணி தேட வைத்திருந்த அதே காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுப் போங்கள். ஒட்டினால் இரும்புக்கு முலாம். ஸ்குரூ ஆணியையும் சோதியுங்கள். பித்தளை ஸ்குரூ மென்மையானது. அதே அளவு இரும்பு ஸ்குரூவை முதலில் முறுக்கி வழி எடுத்துவிட்டு, கழற்றிப் பித்தளையைப் போட்டால் தலை முறியாது.

என்ன பொலிஷ்?

அரக்கு. ஒரு லீற்றர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதிலை ஊறவைத்து வடித்தால் மெல்லிய கலவை. பஞ்சைப் பழைய பருத்திச் சாரத் துண்டில் சுற்றி, நனைத்துப் பிழிந்து, மெல்லிய பூச்சாகப் பல தடவை. பூவின் ஆழம் மூன்றாவது பூச்சில் திறக்கும். மழைநாளில் தொடாதீர்கள், ஈரம் மாட்டி வெள்ளை படரும். சூடான தேநீர்க் கோப்பையும் ஸ்பிரிட்டும் அரக்குக்கு ஆகாது, ஆனால் சுவரில் தொங்கும் அலுமாரியில் யார் கோப்பை வைக்கப் போகிறார்கள்? சாப்பாட்டு மேசைக்கு வேறு பார்க்கவேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள்.

முதிரைத் தூள் பட்டால் சொறியும் என்கிறார்களே?

உண்மை. பலருக்குத் தோல் சிவந்து தடிக்கும், மூக்கிலும் எரியும். நீளக்கைச் சட்டை, முகக்கவசம், வேலை முடிந்த உடனே குளியல். குழந்தையைத் தூக்குமுன் சட்டையை மாற்றுங்கள்.

அலுமாரி, லாச்சி எல்லாம் தமிழா?

அலுமாரி போர்த்துக்கேயம், லாச்சி ஒல்லாந்தம். மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அலுமாரியை முன்னவர் தந்தார், அதற்குள் லாச்சியைப் பின்னவர் வைத்தார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒல்லாந்தர் காலத்துத் தளபாடங்களைப் பார்க்க விரும்பினால் கொழும்பு புறக்கோட்டையில் டச்சு நூதனசாலை இருக்கிறது.

செலவு?

எழுதினால் எழுதின கிழமையே பிழையாகிவிடும். நேரம் மட்டும் சொல்கிறேன்: பதினொரு சனி, ஞாயிறு. அதில் இரண்டு முழுக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே போனது.

இதை எங்கே பழகலாம்?

தொழிற்பயிற்சி அதிகாரசபையில் தச்சுப் பாடநெறி விசாரியுங்கள். பொருத்து, இயந்திரம், அளவு எல்லாம் அங்கே வரும். சுரண்டி பிடிக்க மட்டும் ஊரில் உள்ள வயதான ஓடாவி ஒருவரைத் தேடுங்கள். இப்போது அவர்களைத் தேடி யாரும் போவதில்லை, சந்தோசமாகச் சொல்லித் தருவார்கள்.

மாரியில் லாச்சி இறுகிவிட்டது. சீவலாமா?

அவசரப்படாதீர்கள். மாரியில் சீவினால் கச்சான் காலத்தில் லாச்சி ஆடும், சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது. மெழுகுதிரியை ஓடும் இடத்தில் தேய்த்துவிட்டுத் தைப்பொங்கல் தாண்டும்வரை பொறுங்கள். மாசியிலும் இறுகினால் எங்கே உரசுகிறது என்று பார்க்கலாம்: பக்கப் பலகையில் பென்சிலால் கிறுக்கி, இரண்டு மூன்று தடவை உள்ளே தள்ளி இழுங்கள். பென்சில் அழிந்த இடத்தை மட்டும் ஒரே ஒரு இழுப்பு. என் லாச்சிகளில் மேலே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருக்கிறேன். வலது லாச்சி அப்படியிருந்தும் வருடாவருடம் கார்த்திகையில் இறுகும், தையில் தானாக விடும். உள்ளே இருப்பது கரண்ட் பில்தான் என்பதால் வீட்டில் யாரும் முறைப்பாடு செய்யவில்லை.